ஐஸ் பெட்டியில் வந்த சிறுநீரகம் கெட்டுவிட்டதா என்று முன்பே தெரியுமா?

கேள்வி இதுதான்: டயாலிசிஸில் இருக்கும் அண்ணனுக்கு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் கிடைக்கலாம் என்று மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பொருத்தி முடிக்கும்போது அது ஐஸில் 16 மணி நேரம் இருந்திருக்கும் என்கிறார்கள். அவ்வளவு நேரக் குளிரில் அது கெட்டுப்போயிருக்கிறதா என்று பொருத்துவதற்கு முன்பே சோதித்துச் சொல்ல முடியாதா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் சர்க்கரை அளவு பார்ப்பதுபோல ஓர் எண்ணைக் காட்டி, இது தேறும், இது தேறாது என்று பிரித்துவிடும் சோதனை எதுவும் இன்றுவரை இல்லை. இருக்கிற சோதனைகளில் பாதி, குளிர் என்ன செய்தது என்பதைக் காட்டுவதே இல்லை. ஐஸுக்குள் போவதற்கு முன்பே அந்தச் சிறுநீரகம் எந்த நிலையில் இருந்தது என்பதைத்தான் காட்டுகின்றன. மீதிப் பாதி, பொருத்திய பிறகு முதல் வாரம் எப்படிப் போகும் என்பதை அரைகுறையாகச் சொல்கின்றன. பத்து வருடம் உழைக்குமா என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் கிடையாது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ரிப்போர்ட்டைப் படித்தால் நல்ல சிறுநீரகங்கள் குப்பைக்குப் போகும். அது வெறும் கற்பனை இல்லை, பின்னால் எண்களோடு சொல்கிறேன்.

முதலில் குளிர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இது தெரியாமல் சோதனைகள் புரியாது. ரத்த ஓட்டம் நின்ற சிறுநீரகத்தை 37 டிகிரியிலேயே விட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே பலத்த சேதம் தொடங்கிவிடும். 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால் செல்களின் ஆற்றல் தேவை வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இறங்குமே தவிர, அடியோடு நிற்காது. பிரச்சினை முழுக்க அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு செல்லின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய பம்புகள் உண்டு. ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைத்து இறைத்துக் கொட்டுகிறவரின் வேலைதான் அது. ஆள் களைத்தால் படகுக்குள் தண்ணீர் ஏறும். குளிரில் இந்தப் பம்புகள் கிட்டத்தட்ட நின்றுவிடுகின்றன. சோடியம் உள்ளே வருகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் வருகிறது, செல் வீங்குகிறது. கால்சியம் அளவும் கட்டுமீறுகிறது. செல்லுக்கு வடிவம் தரும் உட்கட்டமைப்பு குளிரிலேயே குலைகிறது. ஆற்றல் நாணயமான ஏடிபி உடைந்து உடைந்து கடைசியில் ஹைப்போசாந்தைன் என்ற பொருளாகத் தேங்குகிறது. செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற இன்னொரு பொருள் சேர்கிறது.

இவ்வளவும் நடந்தாலும் ஐஸில் கிடக்கும்வரை பெரிய கலவரம் எதுவும் வெளியே தெரியாது. அறுவை அரங்கில் கவ்வியை எடுத்து, சூடான, ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தத்தை உள்ளே விட்டதும்தான் அடி விழுகிறது. தேங்கிய சக்சினேட் சில நிமிடங்களில் எரிகிறது. ஹைப்போசாந்தைனும் ஆக்ஸிஜனும் சந்திக்கின்றன. இரண்டு வழியிலும் ஆக்ஸிஜனின் தீவிர வடிவங்கள் பொங்கி வந்து, குளிரில் ஏற்கெனவே நலிந்திருந்த மைட்டோகாண்ட்ரியாவையும் ரத்தக் குழாய்களின் உட்சுவரையும் தாக்குகின்றன. ஆக, நீங்கள் பொருத்துவதற்கு முன்பே அளக்கச் சொல்லும் சேதத்தில் ஒரு பெரிய பகுதி, பொருத்துவதற்கு முன்பு இன்னும் நடந்திருக்கவே இல்லை. சோதனைகள் திணறுவதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணமும் உண்டு. ஒரு கொடைச் சிறுநீரகத்தில் இருக்கும் சேதம் ஒரே இடத்திலிருந்து வந்ததாக இருக்காது. கொடையாளருக்கு வருடக்கணக்கில் இருந்த ரத்த அழுத்தம், சர்க்கரை, வயது ஆகியவை விட்டுச்சென்ற தழும்புகள் ஒரு பங்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசி நாட்களில் ரத்த அழுத்தம் சரிந்தது, மூளைச்சாவு நேரத்தில் உடல் முழுக்க எழும் ஹார்மோன் புயலும் அழற்சியும் இன்னொரு பங்கு. இதயம் நின்ற பிறகு எடுக்கப்பட்ட உறுப்பு என்றால், குளிர்விப்பதற்கு முன் ரத்தமில்லாமல் சூட்டிலேயே கழித்த நிமிடங்களையும் சேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டியில் கழிந்த நேரம் இவற்றுக்கெல்லாம் மேலே வந்து உட்காருகிறது. கையில் கிடைப்பது மொத்தக் கணக்கு மட்டும்தான். எதற்கு எவ்வளவு என்று பிரித்துத் தரும் கருவி இல்லை.

சரி, இப்போது சோதனைகளுக்கு வருவோம். இருப்பதிலேயே எளியது கடிகாரம். கொடையாளரின் உடலுக்குள் குளிர்ந்த திரவத்தைப் பாய்ச்சத் தொடங்கிய நேரத்திலிருந்து, பெறுபவரின் ரத்தம் உள்ளே பாயும்வரை உள்ளதைத் தோராயமாகக் குளிர் நேரம் என்று எழுதுகிறார்கள். 1969-ல் ஜெஃப்ரி காலின்ஸும் பால் டெராசாகியும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாதுகாப்புத் திரவத்தை உருவாக்கி, நாய்ச் சிறுநீரகங்களை 30 மணி நேரம் வெறும் ஐஸில் வைத்துக் காப்பாற்றிக் காட்டினார்கள். 1980களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கெர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுதார்டும் இன்னும் நல்ல திரவம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். செல்லுக்குள் புக முடியாத பெரிய மூலக்கூறுகளை வெளியே நிறுத்தி வீக்கத்தைத் தடுப்பதும், ஏடிபி மறுபடி உருவாகத் தேவையான அடினோசினைச் சேர்ப்பதும் அதன் உத்திகள். இன்றும் பல நாடுகளில் உறுப்புகள் அதில்தான் பயணம் செய்கின்றன.

இந்தத் திரவங்கள் இருப்பதால் 16 மணி நேரம் என்பது பயப்படக்கூடிய எண் இல்லை. ஆனால் பொருட்படுத்த வேண்டாத எண்ணும் இல்லை. பிரான்சின் மாற்று சிகிச்சை மையங்களில் 3,800-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று, குளிரில் கூடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் சுமார் 1.3 சதவீதம் கூடுவதாகக் கண்டது. இதைத் தப்பாகப் படிக்கக் கூடாது. நூறு பேரில் இன்னும் ஒருவருக்குக் கூடுதலாகப் போய்விடும் என்று அர்த்தம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் அபாயத்தின் மேல் அந்தச் சிறு விகிதம் ஏறுகிறது, அவ்வளவுதான். அதே சமயம், இத்தனை மணி வரை பாதுகாப்பு, அதைத் தாண்டினால் ஆபத்து என்று ஒரு கோடும் அந்தத் தரவில் தெரியவில்லை. மணி கூடக் கூட மெதுவாக ஏறிக்கொண்டே போகிறது.

கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு நல்ல சாட்சி உயிருள்ள கொடையாளர்களின் சிறுநீரகங்கள். அமெரிக்காவில் ஜோடி மாற்றுத் திட்டங்களில், அதாவது தங்கள் சொந்தக் கொடையாளர் பொருந்தாத குடும்பங்கள் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளும் திட்டங்களில், இவை விமானத்தில் ஊர்விட்டு ஊர் போகின்றன. 2011-ல் வெளியான ஒரு தொகுப்பில் இப்படிப் பயணம் செய்த 50-க்கும் மேற்பட்ட சிறுநீரகங்கள் சராசரியாக 7 மணி நேரமும், சில 14 மணி நேரம் வரையிலும் ஐஸில் இருந்தன. பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்படவில்லை. ஆரோக்கியமான சிறுநீரகம் குளிரைத் தாங்குகிறது. முன்பே அடிபட்டது தாங்குவதில்லை. அதே 14 மணி நேரத்தை, இதயம் நின்று இறந்த 65 வயதுக்காரரின் சிறுநீரகத்துக்குக் கொடுத்துப் பார்த்தால் கதை வேறு.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கொடைச் சிறுநீரகங்களின் தரத்தை 0 முதல் 100 வரை மதிப்பிடும் கேடிபிஐ என்ற குறியீடு இருக்கிறது. கொடையாளரின் வயது, உயரம், எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் நலிந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின், இறப்புக்கான காரணம் எல்லாம் அதில் உண்டு. குளிர் நேரம் மட்டும் இல்லை. காரணம் நியாயமானதுதான், உறுப்பை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவெடுக்கும் நேரத்தில் அது எத்தனை மணி நேரம் ஐஸில் இருக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாதே. ஆனாலும் பலர் அந்த எண்ணை, பெட்டியைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் உறுப்பின் தரம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது கண்ணும் கையும். பெட்டி வந்ததும் அறுவை மருத்துவர் சிறுநீரகத்தை ஐஸ் நிரப்பிய கிண்ணத்தில் வைத்து, சுற்றியுள்ள கொழுப்பை நீக்கி, தமனி, சிரை, சிறுநீர்க்குழாய் மூன்றையும் தயார்செய்கிறார். முழுக்க ஒரே மாதிரி வெளிறிய நிறத்தில் இருந்தால் திரவம் எல்லா இடத்துக்கும் நன்றாகப் போயிருக்கிறது. நீலமும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் ரத்தம் உள்ளே உறைந்து நின்றிருக்கலாம், சில சமயம் மறுபடி திரவம் பாய்ச்சினாலே தெளிந்துவிடும். தமனியின் வாயில் கொழுப்புப் படிவு எவ்வளவு, உறுப்பு மெத்தென்று இருக்கிறதா, விறைப்பாக வீங்கியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். உறுப்பு நேரடியாக ஐஸ் கட்டியில் பட்டு ஓரம் உறைந்துபோயிருக்கிறதா என்பதையும் கவனிப்பார்கள். உறைந்த திசு திரும்பாது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பைகளில் திரவத்தில் மூழ்கவைத்து அனுப்புவது இதற்காகத்தான். அனுபவமுள்ள கண் நிறையச் சொல்லும். ஆனால் ஒரே சிறுநீரகத்தை இருவர் பார்த்தால் இரண்டு கருத்து வருவதும் சகஜம்.

பயாப்ஸியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். ஒரு துணுக்குத் திசுவை எடுத்து, அவசரமாக உறையவைத்துச் சீவி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். வடிகட்டும் முடிச்சுகளில் எத்தனை சதவீதம் தழும்பாகிவிட்டன, நுண்குழாய்கள் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன, இடையில் நார்த்திசு எவ்வளவு, தமனிச் சுவர்கள் எவ்வளவு தடித்திருக்கின்றன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவது இத்தாலியின் ஜூசெப்பே ரெமூஸி குழுவின் முறை. மொத்தம் 3 வரை இருந்தால் ஒரு சிறுநீரகமே போதும். 4 முதல் 6 என்றால் ஒரே நோயாளிக்கு இரண்டையும் பொருத்தலாம். 7-ம் அதற்கு மேலும் என்றால் வேண்டாம்.

கவனித்தீர்களா? அந்த நான்கும் வருடக்கணக்கில் உருவாகும் தழும்புகள். 16 மணி நேரக் குளிர் ஒரு முடிச்சைக்கூடத் தழும்பாக்காது. அதாவது பயாப்ஸி கொடையாளரின் பழைய வரலாற்றைப் படிக்கிறது, ஐஸ் பெட்டியின் வரலாற்றை இல்லை. குளிரும் ரத்தமின்மையும் செய்யும் உடனடிச் சேதமான நுண்குழாய்ச் செல்களின் வீக்கம், உதிர்வு ஆகியவை அதே துணுக்கில் ஓரளவு தெரியும்தான். ஆனால் அவசரமாக உறையவைத்துச் சீவிய திசுவில், உறையவைத்ததால் வந்த மாற்றம் எது, உண்மையான சேதம் எது என்று பிரிப்பது கடினம். நடுராத்திரியில் பணியில் இருக்கும் பொது நோய்க்குறியியல் மருத்துவர் அதைப் படிப்பதற்கும், சிறுநீரகத்திலேயே ஊறிய நிபுணர் மறுநாள் நிதானமாகப் படிப்பதற்கும் இடையே நல்ல வித்தியாசம் இருக்கும். மேலோட்டமாக ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தால் தழும்பு அதிகமாகவே தெரியும், ஏனென்றால் சிறுநீரகத்தின் மேலுறைக்கு அடியிலுள்ள பகுதியில்தான் அது கூடுதலாக இருக்கும். இவ்வளவுக்கும் மேல், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நேரமும் குளிர் நேரத்தில்தான் சேர்கிறது.

முன்பு சொன்ன குப்பைக் கணக்கு இங்கே வருகிறது. அமெரிக்காவையும் பிரான்சையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வின்படி, 2004 முதல் 2014 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கொடைச் சிறுநீரகங்களில் 17.9 சதவீதம் யாருக்கும் பொருத்தப்படாமல் வீணாயின. பிரான்சில் அது 9.1 சதவீதம்தான். இத்தனைக்கும் பிரான்சில் கொடையாளர்களின் சராசரி வயது கூடிக்கொண்டே போன காலம் அது. அமெரிக்காவில் பயாப்ஸி வழக்கமாக எடுக்கப்படுகிறது, நிராகரிப்புக்கு எழுதப்படும் காரணங்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. பிரான்சில் அந்த அளவுக்கு எடுப்பதில்லை. பயாப்ஸியே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. வயதான, சர்க்கரையும் அழுத்தமும் இருந்த கொடையாளர் என்றால் அது உதவும். ஆனால் குளிர் சேதம் இருக்கிறதா பார்க்கலாம் என்று பயாப்ஸி எடுப்பது, தவறான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்பதுதான்.

குளிர் சேதத்துக்குக் கொஞ்சமாவது கிட்டே போகும் வழி, உறுப்பை வெறுமனே ஐஸில் போடாமல் ஒரு கருவியில் வைத்துக் குளிர்ந்த திரவத்தை அதன் தமனி வழியாக ஓடவிடுவது. இதுவும் பழைய யோசனைதான். 1967-லேயே பெல்சர் நாய்ச் சிறுநீரகத்தை இப்படி 72 மணி நேரம் வைத்துக் காட்டினார். பிறகு நல்ல திரவங்கள் வந்து, ஐஸ் பெட்டி மலிவாகவும் எளிதாகவும் இருந்ததால் கருவி ஓரம்போனது. 2009-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதைத் திரும்பக் கொண்டுவந்தது. வடிவமைப்பு அழகானது: 336 கொடையாளர்கள், ஒவ்வொருவரின் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று கருவிக்கு, மற்றது ஐஸ் பெட்டிக்கு. கொடையாளர் ஒருவரே என்பதால் பழைய சேதம் இரண்டிலும் சமம். மீதமிருக்கும் வித்தியாசம் பாதுகாத்த முறையால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டது ஐஸ் பெட்டிப் பக்கம் 26.5 சதவீதம், கருவிப் பக்கம் 20.8 சதவீதம். ஒரு வருடம் கழித்து வேலை செய்துகொண்டிருந்தவை 90-க்கு எதிராக 94 சதவீதம்.

கருவியில் வைத்தால் அளக்கவும் முடியும். சுமார் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் திரவத்தைத் தள்ளுகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஓடுகிறது, உள்ளிருக்கும் குழாய்கள் எவ்வளவு எதிர்க்கின்றன என்பது திரையில் வந்துகொண்டே இருக்கும். நல்ல சிறுநீரகத்தில் முதல் சில மணி நேரத்திலேயே எதிர்ப்பு படிப்படியாகக் குறையும். குறையாமல் அப்படியே நின்றால் குழாய்கள் இறுகியோ உட்சுவர் வீங்கியோ இருக்கின்றன என்று சந்தேகம். இதைப் பார்த்ததும் மருத்துவர்களுக்கு ஒரு பெரிய ஆசை வந்தது: எதிர்ப்பு இந்த எண்ணுக்கு மேலே போனால் நிராகரிக்கலாம் என்று ஒரு விதி போட்டுவிடலாமே. பல மையங்கள் போட்டும்விட்டன.

அதே ஐரோப்பியக் குழு தன் தரவை வைத்து 2011-ல் அந்த விதியைச் சோதித்தது. எதிர்ப்புக்கும் தாமதமான தொடக்கத்துக்கும் (முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்படுவதற்கும்) தொடர்பு இருக்கிறது, அது உண்மை. ஆனால் யாருக்குத் தாமதமாகும் என்று கணிக்கும் திறன் 0.58-தான் வந்தது. நாணயத்தைச் சுண்டிப்போட்டுச் சொன்னால் 0.5, துல்லியமாகச் சொன்னால் 1. அதாவது நாணயத்தைவிடக் கொஞ்சம் மேல். அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு சிறுநீரகத்தை ஒதுக்குவதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அவர்களின் முடிவு.

கருவியில் ஓடும் திரவத்தை எடுத்து அதில் என்ன கசிந்திருக்கிறது என்றும் பார்த்தார்கள். செல் உடைந்தால் அதன் உள்ளே இருக்கும் நொதிகள் வெளியே வரும், மாரடைப்பில் ட்ரோபோனின் பார்ப்பதன் அடிப்படையும் இதுதான். குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் உள்பட மூன்று பொருட்கள் தாமதமான தொடக்கத்தோடு சேர்ந்து ஏறின. எல்டிஹெச் போன்ற வழக்கமான நொதிகள் தனித்து எதையும் சொல்லவில்லை. அந்த மூன்றும்கூட, சிறுநீரகம் ஒருபோதும் வேலை செய்யாமலே போகுமா, ஒரு வருடத்தில் இழப்போமா என்ற கேள்விகளுக்குப் பதில் தரவில்லை. எனக்கு இந்த ஆய்வுகள் பிடிக்கும். ஒரு புதுச் சோதனை கிடைத்துவிட்டது என்று அறிவிக்க வசதியான இடத்தில் நின்றுகொண்டு, இதை நம்பி உறுப்பைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்வதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

குளிர்ந்த உறுப்பைக் குளிரிலேயே வைத்துச் சோதிப்பதில் உள்ள அடிப்படைக் குறையை ஆரம்பத்திலேயே சொன்னேன், அடி விழுவது சூடான ரத்தம் வரும்போதுதான். அப்படியானால் பொருத்துவதற்கு முன்பே, உடலுக்கு வெளியே, சூடான ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்துவிடலாமே? பிரிட்டனில் மைக்கேல் நிக்கல்சனும் சாரா ஹாஸ்குட்டும் முதலில் லெஸ்டரிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் செய்தது இதைத்தான். ரத்த வங்கியின் சிவப்பணுக்களை ஆக்ஸிஜன் ஏற்றி, உடல் வெப்பத்தை ஒட்டி, ஒரு மணி நேரம் சிறுநீரகத்துக்குள் ஓட விடுகிறார்கள். உறுப்பு விழித்துக்கொள்கிறது. நிறம் இளஞ்சிவப்பாகிறது, சிறுநீர்கூடச் சொட்டுகிறது.

இதை வைத்து 2015-ல் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். எங்கும் ஒரே சீராக நிறம் திரும்பினால் 1, திட்டுத்திட்டாக இருந்தால் 2, முழுக்கக் கறுத்துப் புள்ளிபுள்ளியாக இருந்தால் 3. ரத்த ஓட்டம் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் ஒன்று கூட்டு. ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 43 மில்லிலிட்டருக்குக் கீழே என்றால் இன்னொன்று கூட்டு. 5 வந்தால் பொருத்துவதில்லை. வேறு மையங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சில சிறுநீரகங்களை இப்படி ஓட்டிப் பார்த்து, நல்ல மதிப்பெண் வந்ததும் பொருத்தி, அவை வேலை செய்ததைக் காட்டினார்கள். திரவம் சரியாகப் பாயாததால் பார்வைக்குக் கெட்டதாகத் தெரிந்தவைகூடச் சூட்டில் தெளிந்தன.

இதன் பிறகு எல்லோரும் பெரிதாக எதிர்பார்த்தார்கள். 2023-ல் பெரிய பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு வந்தது. இதயம் நின்று இறந்தவர்களின் 338 சிறுநீரகங்களில், சூடான ஒரு மணி நேரம் கொடுத்தவற்றில் 60.7 சதவீதமும், வெறும் ஐஸில் இருந்தவற்றில் 58.3 சதவீதமும் தாமதமாகத் தொடங்கின. வித்தியாசம் இல்லை. சிகிச்சையாக அது உதவவில்லை. பல செய்திகள் இதைத் தோல்வி என்று எழுதின, ஆனால் சிகிச்சையாக உதவாததும் சோதனையாக உதவாததும் ஒன்றல்ல. சந்தேகத்துக்குரிய உறுப்பைப் பொருத்தலாமா என்று தீர்மானிக்க அந்த ஒரு மணி நேரம் இன்னும் பயனுள்ளது என்றே நினைக்கிறேன். செலவும் ஆள்பலமும் அதிகம் என்பதால் எல்லா ஊரிலும் நடக்கக்கூடியதில்லை.

ஆய்வகத்தில் இன்னும் சில முயற்சிகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா சேதமடைந்தால் எஃப்எம்என் என்ற மூலக்கூறு கழன்று கருவியின் திரவத்தில் மிதக்கும், அது ஒளிரக்கூடியது என்பதால் உடனே அளந்துவிடலாம். சூரிச் குழு கல்லீரலில் தொடங்கிய இந்த வழியைச் சிறுநீரகத்திலும் பார்த்திருக்கிறார்கள். குளிர் குறிவைப்பது மைட்டோகாண்ட்ரியாவை என்பதால், தத்துவத்தில் நேராக இலக்கைத் தொடுவது இதுதான் என்பேன். ஜார்ஜ்டவுன், மேரிலாந்து பல்கலைக்கழகக் குழுக்கள், கண் மருத்துவமனையில் விழித்திரையைப் பார்க்கப் பயன்படும் ஓசிடி ஒளிப்படத்தைச் சிறுநீரகத்தின் மேல் வைத்து, வெட்டாமலே நுண்குழாய்களின் வாய் திறந்திருக்கிறதா, வீங்கி அடைத்திருக்கிறதா என்று பார்த்தன. ஒளி மேலிருந்து ஓரிரு மில்லிமீட்டர்தான் போகும், சேதம் அதிகமாகும் உட்பகுதி அதற்குத் தெரியாது. பெட்டியைத் திறக்காமலே காந்த அதிர்வுக் கருவியில் வைத்துப் பாஸ்பரஸ் சேர்மங்களின் மிச்சத்தை அளக்கும் முயற்சி 1980களிலேயே நடந்தது. நல்ல யோசனை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் காந்தம் எந்த மருத்துவமனையில் காலியாக இருக்கும்?

இப்போது உங்கள் அண்ணன் விஷயம். தாமதமான தொடக்கம் என்று மேலே பல முறை சொன்னேன். அதன் பொருள் சிறுநீரகம் போய்விட்டது என்பதில்லை, பொருத்திய முதல் ஏழு நாட்களுக்குள் ஒரு முறையாவது டயாலிசிஸ் தேவைப்பட்டது என்பதுதான். நுண்குழாய்ச் செல்களுக்குத் தங்களைத் தாங்களே மீண்டும் வளர்த்துக்கொள்ளும் திறன் உண்டு. பெரும்பாலானவை சில நாட்களிலோ சில வாரங்களிலோ எழுந்துவிடும். ஒரே கொடையாளரின் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று சீக்கிரமும் மற்றது தாமதமாகவும் பொருத்தப்பட்ட ஜோடிகளை அமெரிக்காவில் ஒப்பிட்டபோது, அதிக நேரம் ஐஸில் இருந்தவை கூடுதலாகத் தாமதித்தன. ஆனால் நீண்டநாள் ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்பு சொன்ன பிரெஞ்சு ஆய்வு சிறு வித்தியாசம் உண்டு என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 16 மணி நேரம் என்பதை மட்டும் வைத்து ஒரு சிறுநீரகத்தை வேண்டாம் என்று சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன். மறுத்தால் அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டயாலிசிஸில் கழியும் வருடங்களும் உடலிலிருந்து ஒரு விலையை எடுக்கத்தான் செய்கின்றன.

அதனால் மருத்துவரிடம் மணிக்கணக்கை மட்டும் கேட்காதீர்கள். கொடையாளரின் வயது என்ன, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்ததா, கடைசிக் கிரியேட்டினின் எவ்வளவு, அது ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா, மூளைச்சாவா இதயம் நின்றதா என்று கேளுங்கள். கருவியில் வைத்திருந்தால் எதிர்ப்பு குறைந்ததா என்று கேளுங்கள். இளம் வயது, நல்ல கிரியேட்டினின், மூளைச்சாவு, 16 மணி நேரம் என்றால் பெரும்பாலான மையங்கள் தயங்காமல் எடுக்கும். வயதானவர், கிரியேட்டினின் ஏறுமுகம், இதயம் நின்ற மரணம், அதோடு 16 மணி நேரம் என்றால் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். அப்போதும் அண்ணனின் வயது, எத்தனை வருடமாக டயாலிசிஸ், டயாலிசிஸுக்கான ரத்தக் குழாய் வழி இன்னும் நன்றாக இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

சேதம் இருக்கலாம் என்ற சந்தேகம் வீணாகப் போவதில்லை, அதை வைத்து மருத்துவர்கள் சிகிச்சையை மாற்றுவார்கள். உடல் நிராகரிப்பதைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்பதால், தொடக்கத்தில் நிராகரிப்பைத் தடுக்கும் வேறு வலுவான மருந்தைக் கொடுத்துவிட்டு டாக்ரோலிமஸைத் தள்ளியோ குறைத்தோ தொடங்கும் மையங்கள் உண்டு. ரத்த அழுத்தத்தையும் திரவ அளவையும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். அப்புறம், முதல் நாள் சிறுநீர் வரவில்லை என்றால் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள், பதற வேண்டாம். ஆனால் சிறுநீரகம் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் உடல் அதை நிராகரிக்கத் தொடங்கினாலும் கிரியேட்டினினை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அது ஏற்கெனவே உயரத்தில்தான் இருக்கும். குளிரில் அடிபட்ட உறுப்பில் நிராகரிப்பு வருவதற்கான வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் தாமதம் நீடித்தால் 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறை ஊசியால் பயாப்ஸி எடுக்கச் சொல்வார்கள். பொருத்துவதற்கு முன் எடுக்கும் பயாப்ஸியைப் பற்றி நான் சொன்ன குறைகள் இதற்குப் பொருந்தாது. இதற்கு ஒப்புதல் கேட்டால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.